பிடியரிசிப் பேணியும் ஞாயிறு காணிக்கையும்

தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானபோதே யாழ்ப்பாணமும் அதில் ஓர் ஆதீனம், அதாவது ஒரு பேராயரின் பொறுப்பிலுள்ள பகுதி. 1950இல் புழக்கத்துக்கு வந்த அதன் திருவிருந்து முறையில் அருமையான ஓர் ஒழுங்கு உண்டு: அப்பமும் திராட்சரசமும் காணிக்கையும் ஒன்றாகவே சபை நடுவால் மேசைக்குக் கொண்டுவரப்படும். நாங்கள் உண்ணப்போகிற அப்பத்தோடு எங்கள் உழைப்பும் போகிறது. ஆராதனையால் ஊட்டம் பெறுவதும் உக்கிராணத்துவமும் (கடவுள் தந்ததைப் பொறுப்போடு பேணிக் கொடுப்பதும்) இரண்டு வேலைகள் அல்ல என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அப்படியிருக்க, காணிக்கைப் பாட்டு மூன்றாம் சரணத்துக்கு வந்த பிறகுதான் பலர் பொக்கற்றைத் தடவுகிறார்கள். கையில் அகப்பட்ட தாள் தட்டில் விழுகிறது. அப்போஸ்தலன் பவுல் சொன்னது வேறு: "வாரத்தின் முதல்நாள்தோறும், தன்தன் வரவுக்குத் தக்கதாக எதையாகிலும் தன்னிடத்திலே சேர்த்துவைக்கக்கடவன்" (1 கொரிந்தியர் 16:2). கொடுப்பது வீட்டிலேயே தீர்மானமாக வேண்டும்.

மாதச் சம்பளக்காரருக்கு இது இலகு. சம்பளம் எடுத்த அன்றே, கடைக் கொப்பிக் கணக்கைத் தீர்க்க முதலே, ஞாயிறுகளை எண்ணி அத்தனை உறைகளில் திகதி எழுதி வைத்துவிடுங்கள். பலர் நான்கு உறையோடு நிறுத்திவிடுவார்கள். வருடத்தில் நான்கு மாதங்களுக்காவது ஐந்து ஞாயிறு வரும். அந்த ஐந்தாம் ஞாயிறுதான் தட்டு வெறுமையாகப் போகும்.

வெங்காயமும் புகையிலையும் செய்கிற வீட்டில் மாத வரவு இல்லை. விற்ற அன்று பங்கைப் பிரித்து, அடுத்த விற்பனை வரை எத்தனை ஞாயிறோ அத்தனையாகப் பகிருங்கள். முழுவதையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால் மற்ற வாரங்களில் கை சும்மா இருக்கும். கொஞ்ச நாளில் ஆளும் வராமல் விடுவார். கடற்றொழில் செய்பவருக்கு மாரியில் வரவே இல்லாத வாரங்களும் உண்டு. அந்த வாரம் வெறுங்கையோடு வருவதும் வரவுக்குத் தக்கதுதான். அதற்காக வெட்கப்பட்டு ஒருவரும் வீட்டில் நிற்கக்கூடாது.

காசு கையில் நில்லாத வீட்டுக்கும் ஏற்றது பிடியரிசி. உலையில் அரிசி போட முன்னர் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து வேறொரு பேணியில் போடுவது; சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொடுத்தால் ஏலத்தில் காசாகும். சோறு ஆக்கி மிஞ்சியதில் அல்ல. ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம். இரண்டு நேரம் உலை வைக்கிற வீட்டில் மாதம் மூன்று கிலோ சேரும். அரிசி களைந்த ஈரக்கையைப் பேணிக்குள் விட்டால் கட்டிபிடித்துப் பூஞ்சணம் வரும். ஆகவே களைய முதலே எடுங்கள். மூடி இறுக்கமான பால்மாப் பேணி நல்லது. மேலே காய்ந்த வேப்பிலை நாலைந்து போட்டால் வண்டு வருவது குறையும், ஆனாலும் மாதம் தாண்ட வைக்கவேண்டாம். குத்தரிசியும் பச்சையரிசியும் ஒரே பேணியில் கலந்தால் ஒன்று குழையும்போது மற்றது வேகாது. ஏலத்தில் எடுப்பவர்கள் அந்தப் பையைத் தொடமாட்டார்கள். வகையைப் பையில் எழுதிக் கொடுத்தால் நல்ல விலை போகும். பேணியில் பிடியைப் போடுகிற வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். சின்னக் கை, சின்னப் பிடி, பரவாயில்லை.

இனி ஊட்டம். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கடவுள் தந்த உணவாகிய மன்னாவை நாள்தோறும் பொறுக்கவேண்டியிருந்தது, விடியும்வரை வைத்தது பூச்சி பிடித்தது (யாத்திராகமம் 16). நத்தாருக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் மட்டும் வந்து வருடம் முழுவதும் தாக்குப்பிடிக்க நினைப்பவர்களுக்கு நாங்கள் காட்டுகிற வேதாகம அதிகாரம் இதுதான். சனி இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மறுநாள் வாசகங்களைச் சத்தமாக வாசியுங்கள், பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பழைய ஏற்பாட்டு வாசகம் விளங்கவில்லை என்றால் ஒரு கேள்வியோடு கோயிலுக்குப் போங்கள். கேள்வியோடு கேட்கிற பிரசங்கம் மனதில் நிற்கும். ஆரம்பத்துக்குப் பத்து நிமிடம் முன்னர் இருக்கையில் இருக்கவேண்டும். பாவ அறிக்கை முடிய வந்து, பிரசங்கம் முடிய வெளிக்கிடுகிறவர் மன்னிப்பின் வார்த்தையையும் கேட்பதில்லை, மற்றவருக்காக மன்றாடுவதுமில்லை. பசியோடு வந்து பசியோடேயே போகிறார்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்புகிற காசில் கோயில் கூரையும் மதிலும் எழும்புகின்றன. நன்றிக்குரியது. ஆனால் ஊழியரின் சம்பளம், மின்சாரக் கட்டணம், திருவிருந்து அப்பம் எல்லாம் மாதந்தவறாமல் வருகிற செலவுகள். அவற்றை ஊரில் இருக்கிற சபை ஞாயிறு தட்டால்தான் சுமக்கவேண்டும். பெரிய நன்கொடையை நம்பித் தட்டைக் கைவிட்ட சபை, சுவர் வெள்ளையாகவும் ஊழியர் கடனாகவும் இருக்கும்.

எண்ணுவதில் கவனம் வேண்டும். பவுலே தர்மப்பணத்தைத் தனியாளிடம் விடவில்லை (2 கொரி. 8:20-21). ஒரே வீட்டைச் சேராத இருவர், கோயிலை விட்டு வெளிக்கிட முதலே, தாள் தாளாகவும் சில்லறையாகவும் பிரித்து எண்ணி எழுதி இருவரும் ஒப்பமிடவேண்டும். பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கையைப் பொதுக் காணிக்கையோடு கலக்கவேண்டாம். உறையில் எழுதிய நோக்கத்துக்கே அது போகவேண்டும். பையை ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோய் "நாளைக்கு எண்ணலாம்" என்பதில்தான் சந்தேகம் முளைக்கிறது, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும். திங்கள் வங்கியில் போட்டு, மாத வரவு செலவை விளம்பரப் பலகையில் ஒட்டுங்கள். பிடியரிசி ஏலக் காசுக்கும் அதில் தனி வரி இருக்கட்டும்.