குறைமாதக் குழந்தையின் தோல்: டேப் முதல் தேங்காய் எண்ணெய் வரை

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குத் தோலின் மேற்படலம் 10 முதல் 20 அடுக்கு இருக்கும். 30 வாரத்துக்கு முன்பே பிறந்துவிட்டால் இரண்டு, மூன்று அடுக்குதான். 24 வாரத்தில் அதுவும் அநேகமாக இருக்காது. ரத்தக் குழாயெல்லாம் வெளியே தெரிகிறதே என்று பெற்றோர் பதறுவது இதனால்தான். அந்தத் தோல் வழியாக உடம்பு நீர் ஆவியாகும், கூடவே சூடும் போய்விடும். 32 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தையை ஈரத்தோடேயே கழுத்துவரை பிளாஸ்டிக் பையில் வைத்து, தலையை மட்டும் துடைத்துத் தொப்பி போடுவது அதைத் தடுக்கத்தான். மிகச் சிறிய குழந்தைக்கு இன்குபேட்டரில் முதல் வாரம் 70-80 சதவீத ஈரப்பதம் வைத்து, பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். பிறந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் தோல் முற்றிவிடும். அதுவரை அதைப் புண்ணாக்காமல் காப்பதுதான் பெரிய வேலை.

வார்டில் அடிக்கடி புண்ணாக்குவது டேப். மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் இடையிலான பிணைப்பைவிடப் பசையின் பிடி வலுவானது, இழுத்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும். எனவே முதலில் தோலைக் காக்கும் ஜெல் பட்டையான ஹைட்ரோகொலாய்டில் மெல்லிய துண்டு, அதன் மேல் டேப். பசையின் பிடியைக் கூட்டும் பிசின் கரைசலான டிங்சர் பென்சாயின் தடவி ஒட்டவே கூடாது. எடுக்கும்போது வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஓரத்தை ஊறவிட்டு, ஒரு விரலால் தோலை அழுத்திக்கொண்டு, டேப்பை மேலே தூக்காமல் தோலோடு படியவிட்டுப் பின்பக்கமாக மடித்துக்கொண்டே வர வேண்டும். ஒட்டி ஒரு நாள் ஆகியிருந்தால் பசையும் தளர்ந்திருக்கும். எவ்வளவு அவசரமானாலும் சரக்கென்று பிய்ப்பதை ஏற்கவே முடியாது.

அடுத்தது கிருமிநாசினி. ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் முதுகுக்கடியில் வழிந்து தேங்கினால் தோல் வெந்துவிடும். கொஞ்சமாகத் தொட்டு, காயவிட்டு, வேலை முடிந்ததும் ஸ்டெரைல் நீரால் துடைத்தெடுக்க வேண்டும். போவிடோன் அயோடினோ தோல் வழியே உள்ளே போய்த் தைராய்டை மந்தமாக்கும். பச்சைக் குழந்தையின் தோல் எதையும் உறிஞ்சும் என்பதற்குப் பிரான்சில் 1972இல் நடந்தது போதும்: டால்கம் பவுடரில் ஹெக்சாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக 6 சதவீதம் கலந்துவிட, 36 குழந்தைகள் இறந்தன.

வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டும் ஆசை வரும். எடை 2 கிலோவைத் தாண்டி, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் முகம், மடிப்புகள், பிட்டம் துடைத்தால் போதும். கடலைமாவு, பயத்தமாவு இரண்டும் உராயும். சாதாரண சோப்பின் காரம், தோல் தனக்கென்று அமைத்துக்கொள்ளும் அமிலத்தன்மையைக் கலைத்துவிடும். எண்ணெய் விஷயத்தில் பாட்டிமார் சொல்வதில் நியாயம் உண்டு. டாக்கா மருத்துவமனை ஒன்றில் சூரியகாந்தி எண்ணெய் தடவிய குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்ததாக 2005இல் ஆய்வு வந்தது. ஆனால் பணக்கார நாட்டு ஆய்வுகளில் இந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. அதனால் மருத்துவரைக் கேட்டுவிட்டு, வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெயைச் சில துளி, அழுத்தித் தேய்க்காமல் தடவலாம். கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் தோலின் தடுப்பைக் கெடுக்கும், வேண்டாம். சளிக்கென்று கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் மட்டும் ஒரு சொட்டுகூடக் கூடாது; வலிப்பு வரலாம்.

டயபர் போடும் இடத்தில் மடிப்புகளை விட்டுவிட்டு மேட்டுப்பகுதி மட்டும் சிவந்தால் அது பெரும்பாலும் ஈரத்தால் வந்தது; அடிக்கடி மாற்றி, துத்தநாக ஆக்சைடு களிம்பைத் தடிமனாகப் பூசினால் அடங்கும். மடிப்புக்குள்ளேயே செக்கச்செவேலென்று, சுற்றிலும் சிறு புள்ளிகளோடு இருந்தால் பூஞ்சை. அதற்குப் பூஞ்சைக்கொல்லி மருந்து வேண்டும், ஸ்டீராய்டு கலந்த களிம்பு ஆகாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நிறைமாதக் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் சில நாட்களில் சிவந்த தடிப்பும் மஞ்சள் கொப்புளமும் வந்து தானே மறையும். குறைமாதக் குழந்தைக்கு அது அபூர்வம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தானாகச் சரியானதை வைத்துக் குறைமாதக் குழந்தைக்கு வரும் கொப்புளத்தை எடை போடக் கூடாது. அக்கி என்று காவி பூசினால் கொப்புளம் மறைந்துபோகும், சீழ் வைப்பதும் பரவுவதும் கண்ணில் படாது. எதையும் பூசாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். பால் குடிப்பது குறைந்தோ உடம்பு சில்லிட்டோ இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.