களையைப் பிடுங்காத விவசாயி

சம்பா நடவு முடிந்து களை எடுக்கிற நேரம். பக்கத்து வயல்காரர் பெரியவர் வரப்பில் உட்கார்ந்தபடி கேட்டார்: "ஏன் தம்பி, உங்க வேதத்துல களையைப் பிடுங்காதே, அறுப்பு வரைக்கும் விடுன்னு இருக்காமே, அதைச் சொன்ன இயேசு விவசாயம் பார்த்திருக்காரா?"

நியாயமான கேள்விதான். மத்தேயு 13-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமை அது: கோதுமை விதைத்த நிலத்தில் எதிரி களையை விதைத்துவிடுகிறான், பிடுங்கட்டுமா என்று வேலைக்காரர்கள் கேட்க, கோதுமையும் சேர்ந்து வந்துவிடும், அறுப்பு வரைக்கும் விடுங்கள் என்கிறார் எஜமான். நம் தமிழ் வேதாகமத்தில் வெறுமனே 'களைகள்' என்று இருப்பதால் கோரைப்புல் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் கோதுமையைப் போலவே முளைத்து, கதிர் வரும்வரை வித்தியாசமே தெரியாத ஒரு புல்லைக் குறிக்கிறது என்பதுதான் பெரும்பாலோர் கருத்து. பெரியவரிடம் நம் குதிரைவாலிப் புல்லைக் காட்டினேன், இளசில் அதுவும் நெல்லோடு நெல்லாகத்தானே நிற்கும். "அட, அவசரப்பட்டா நெல்லும் சேர்ந்து வந்துரும்" என்றார். உவமையில் எஜமான் சொல்வதும் அதேதான்.

அப்புறம் இன்னொன்று. இதைச் சபைக்குள் இருக்கும் ஆகாதவர்களைப் பற்றியது என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள் (சண்டை நடக்கிற சபையில் கட்டாயம் கேட்டிருப்பீர்கள்). ஆனால் 38-ஆம் வசனத்தில் இயேசுவே நிலம் என்பது உலகம் என்கிறார். 1715-இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தது நாமே வாசிக்கத்தானே, நாலு வசனம் தள்ளி வாசித்தால் என்ன?

பெரியவர் எழுந்து, "சரி, என் வயல்ல நான் பிடுங்கத்தான் போறேன்" என்று இறங்கிவிட்டார்.