கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதா, ஏற்காட்டுக்குப் போவதா: மே மாத நாட்குறிப்பு

மே 4, ஞாயிறு

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கிறது. சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் என் அக்காவுக்குப் பெங்களூருக்கு அப்பால் இருக்கும் கேளிக்கைப் பூங்காவுக்குப் போயே ஆக வேண்டும். ஆலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கும் என் கணவருக்கோ அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுருங்கிவிடும். ஏற்காட்டில் ஓர் அறை எடுத்து இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு வரலாம் என்பார். இருவரும் பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். இருவரும் ஆண்டு முழுவதும் உழைத்துக் களைத்தவர்கள். அப்படியிருக்க, ஒரே இடம் ஒருவருக்குக் கொண்டாட்டமாகவும் மற்றவருக்குத் தண்டனையாகவும் படுவது ஏன்?

அவரவர் ரசனை என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. படித்தவர்கள் கூடும் இடங்களில் இத்தகைய பூங்காக்களைக் கூட்டமும் இரைச்சலும் காசு பிடுங்கலும் என்று இளக்காரமாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அதைக் கேட்கும்போதெல்லாம் அக்காவின் முகம் நினைவுக்கு வந்து எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவள் அங்கே எதைத் தேடிப் போகிறாள் என்று அவர்களில் எவரும் கேட்டதில்லை. இந்த மாதம் அதைத்தான் எழுதிப் பார்க்கப் போகிறேன்.

மே 7, புதன்

முதலில் உடம்பைப் பற்றி எழுதிவிட வேண்டும், ஏனென்றால் வழக்கில் ஒரு பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் தலை சுழல்வதை உணர்கின்றன; அவற்றை ஒட்டியுள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் உடம்பின் சாய்வையும் வேகம் கூடிக் குறைவதையும் உணர்த்துகின்றன. காது சொல்லும் செய்தியும் கண் சொல்லும் செய்தியும் ஒத்துப்போகாதபோது தலைசுற்றலும் குமட்டலும் வருகின்றன. சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து திரும்பும்போது, கைப்பேசியில் கண்ணைப் புதைத்திருக்கும் இளைஞன் வெளிறிப் போவதையும், ஜன்னலோரத்தில் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்தபடி தூரத்து மலையையே பார்த்துவரும் பாட்டி தப்பித்துக்கொள்வதையும் நாம் பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறோம். ஓட்டுநருக்கு ஒன்றும் ஆவதில்லை. அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்பது அவருடைய உடம்புக்கு முன்னதாகவே தெரியும்.

மனத்திலும் பிறவி வேறுபாடு உண்டு. மார்வின் சக்கர்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1964இல், ஒருவருக்குப் பரபரப்பில் எவ்வளவு நாட்டம் இருக்கிறது என்பதை அளக்க ஒரு வினாத்தொகுப்பை உருவாக்கினார். அந்த நாட்டம் ஓரளவு பரம்பரையாக வருவது என்றும், இளமையில் உச்சத்தைத் தொட்டு வயது ஏற ஏறத் தணிவது என்றும் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. படபடப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். அதைச் சிலர் உற்சாகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், சிலர் ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் இந்த விளக்கம் என் அக்காவிடம் வந்து நின்றுவிடுகிறது. அவளுக்கு உயரம் என்றால் பயம். கோயில் திருவிழாவில் தொட்டில் ராட்டினத்தில்கூட ஏற மாட்டாள். அப்படிப்பட்டவள்தான் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று ஏப்ரலிலேயே நச்சரிக்கத் தொடங்குகிறாள்.

மே 11, ஞாயிறு

இன்று ஏற்காடு சாலையில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைப் பார்த்தேன். டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்தப் படப்பிடிப்பு நிலையத்தில் எஞ்சி நிற்பது அந்த வளைவுதான். சாந்தும் பலகையும் வர்ணமும் கொண்டு அரண்மனைகளும் காடுகளும் எழுப்பப்பட்ட இடம் அது. அவை பொய் என்று தெரிந்தே நம் தாத்தா பாட்டிகள் கொட்டகையில் உட்கார்ந்து அழுதார்கள், சிரித்தார்கள்.

கேளிக்கைப் பூங்கா என்றதும் முதலில் எழும் குற்றச்சாட்டு அங்கே எல்லாம் போலி என்பது. உண்மையில் இன்றைய பூங்காவின் முன்மாதிரியை உருவாக்கியவரும் ஒரு படத்தயாரிப்பாளர்தான். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பூங்கா ஒன்றில் தம் மகள்கள் குடை ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, தாம் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே மகிழும் இடம் ஒன்று வேண்டும் என்று தோன்றியதாக வால்ட் டிஸ்னி சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனாஹைமில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. அதன் முகப்புத் தெருவில் கட்டடங்களின் மேல்மாடிகள் கீழ்த்தளத்தைவிடச் சிறிய அளவில் கட்டப்பட்டன. கண்ணை ஏமாற்றி உயரத்தைக் கூட்டிக் காட்டும் இந்த உத்தி படப்பிடிப்பு அரங்குகளிலிருந்து வந்தது. 1971இல் புளோரிடாவில் எழுந்த பூங்காவில் ஊழியர்கள் நடந்துபோகத் தளத்துக்கு அடியிலேயே பாதைகள் அமைத்தார்கள். ஒரு பகுதிக்குரிய வேடத்தில் இருப்பவர் வேறொரு பகுதியில் பார்வையாளர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதே காரணம்.

1992இல் பாரிஸ் அருகே டிஸ்னி பூங்கா திறக்கப்பட்டபோது பிரெஞ்சு அறிவாளர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். நாடக இயக்குநர் அரியான் முனூஷ்கின் அணு உலை வெடித்த செர்னோபிலை நினைவூட்டி, அதைப் பண்பாட்டுச் செர்னோபில் என்றே சாடினார். பூங்காவுக்குள் ஒயின் பரிமாறுவதில்லை என்ற விதி சாதாரணப் பிரெஞ்சுக் குடும்பங்களையும் உறுத்தியது. அடுத்த ஆண்டே அந்த விதி தளர்த்தப்பட்டது. எனக்கு அறிவாளர்களின் சாடலைவிட இந்த ஒயின் விவகாரம்தான் முக்கியமாகப் படுகிறது. மதிய உணவோடு என்ன குடிப்பது என்பதைக்கூட வேறொருவர் தீர்மானிப்பது அவர்களால் தாங்க முடியாததாக இருந்திருக்கிறது. போலி மாளிகையை மன்னிக்கும் மனிதர்கள்கூட, தம் நாளைப் பிறர் வகுத்துக் கொடுப்பதை மன்னிப்பதில்லை. வெறுப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மே 14, புதன்

கட்டணத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. நம் ஊர்த் திருவிழாவிலும் பொருட்காட்சியிலும் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனித்தனியாகச் சீட்டு வாங்குகிறோம். டிஸ்னிலேண்டிலும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. ராட்டினங்களைத் தரம் பிரித்துச் சீட்டுப் புத்தகங்களாக விற்றார்கள். 1982இல் அது முடிவுக்கு வந்து, வாயிலில் ஒருமுறை கட்டினால் போதும் என்றானது. இன்று நம் நாட்டின் பெரிய பூங்காக்களிலும் இதே முறைதான்.

இந்த மாற்றம் மனிதர்களை இரண்டாகப் பிரிக்கிறது. ராட்டினத்தடியில் நின்று, மூத்தவனுக்கு ஒன்று, சின்னவளுக்கு ஒன்று, அப்புறம் பஞ்சுமிட்டாய் என்று சட்டைப்பையைத் தடவிப் பார்க்கும் தகப்பனுக்கு, ஒருமுறை கட்டிவிட்டு அதற்குமேல் பிள்ளைகளிடம் முடியாது என்று சொல்ல வேண்டியிராத ஒரு நாள் கிடைப்பது பெரிய விடுதலை. அதே கட்டணம் வேறொருவரைத் துரத்துகிறது. கொடுத்த காசுக்கு எல்லாவற்றிலும் ஏறியாக வேண்டும் என்று காலையிலிருந்தே வரிசைக்கு வரிசை ஓடி, மாலையில் கால்வலியோடும் கோபத்தோடும் பேருந்தில் ஏறுகிறார். அந்தக் கட்டணத்தைக் கட்ட வழியில்லாத குடும்பங்கள் இந்தப் பேச்சுக்குள்ளேயே வராமல் போய்விடுகின்றன என்பதையும் எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

மே 19, திங்கள்

நேற்று அக்கா குடும்பத்தோடு பூங்காவுக்குப் போய்வந்தோம். கணவர் வரவில்லை.

அக்காவின் அன்றாடம் எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் எழுந்ததும் வெள்ளி விலை என்ன என்று பார்ப்பாள். கண்ணி இணைப்பவர், சலங்கை கோப்பவர், மெருகு போடுபவர் என்று ஒவ்வொருவருக்கும் வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, மாலையில் எடை போட்டுத் திரும்ப வாங்க வேண்டும். சேதாரம் கூடினால் யாரைக் கேட்பது, வியாபாரி கேட்ட தேதிக்கு உருப்படி முடியுமா, மாமாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டதா, இரவுக்கு இட்லியா சப்பாத்தியா என எல்லாக் கேள்விகளும் அவளிடம்தான் வந்து நிற்கும். தூங்கப் போகும்வரை அவள் யாருக்காவது பதில் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

பூங்காவில் அவள் முதலில் செய்தது கைப்பேசியை அணைத்துப் பெட்டக அறையில் வைத்துப் பூட்டியதுதான். பருத்தித் துணியோடு நீரில் இறங்கக் கூடாது என்பது அங்கே விதி. அதனால் ஆண்டு முழுவதும் சேலை தவிர வேறெதுவும் உடுத்தாத அவள் நீல நிற நைலான் மேல்சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு, முதலில் சற்றுக் கூச்சத்தோடு துப்பட்டா ஒன்றைக் கேட்டுத் தேடி, பிறகு சுற்றிலும் தன் வயதுப் பெண்கள் அதே கோலத்தில் நிற்பதைப் பார்த்துத் தேடுவதை விட்டுவிட்டாள். செயற்கை அலைக்குளத்தில் மணி ஒலித்ததும் அலை எழும்பியது. இடுப்பளவு நீரில் முன்பின் தெரியாத பெண்கள் சிலர் கைகோத்து நின்று ஒவ்வோர் அலைக்கும் கூவினார்கள். அக்கா அவர்கள் வரிசையில் போய் நின்றுகொண்டாள். யார் எந்த ஊர், யார் எந்தச் சாதி, யார் வீட்டு மருமகள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. ஊர் ஆற்றங்கரையில் அவள் வயதுப் பெண் அப்படிக் கூவிச் சிரிக்க முடியுமா?

பெரிய ராட்டினம் எதிலும் அவள் ஏறவில்லை. வளைந்து வளைந்து போகும் கம்பி வரிசையில் பிள்ளைகளுக்குத் துணையாக நின்றாள். அந்த நிற்றல்கூட அவளுக்குச் சுமையாக இல்லை. மாலையில் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: “இன்னைக்கு ஒரு நாளாவது என்னைய யாரும் எதுவும் கேக்கல, பாப்பா.”

எங்கே நிற்க வேண்டும், எப்போது ஏற வேண்டும், எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்பதை எல்லாம் பிறர் தீர்மானித்து வைத்திருக்கும் இடத்தில்தான் அவளுக்கு மூச்சு விட முடிகிறது. பிரெஞ்சுக்காரர்களை உறுத்திய அதே ஏற்பாடு என் அக்காவுக்கு ஓய்வாக இருக்கிறது.

மே 23, வெள்ளி

கணவருடன் நேற்று ஏற்காட்டுக்கு வந்தோம். ஏரிக்கரையில் நிற்க இடமில்லாததால் படகுத்துறைப் பக்கமே போகாமல் காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஒரு பாதையில் நடந்தோம்.

இயற்கை, செயற்கை என்று பிரித்து இந்த மலையைப் பூங்காவுக்கு எதிராக நிறுத்துவது சரியல்ல. இங்கே காப்பியைக் கொண்டுவந்தவர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன். காப்பிச் செடிக்கு நிழல் தந்து மிளகுக்கொடியைத் தாங்கி நிற்கும் சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நாம் மெய்மறந்து பார்க்கும் இந்தச் சரிவுகளில் பெரும்பகுதி மனிதர் திட்டமிட்டு வளர்த்ததுதான். ஆனாலும் இந்தப் பாதை என் கணவரிடம் எதையும் கேட்பதில்லை, எதையும் சொல்வதும் இல்லை. அவருடைய ஆலையில் சங்கு ஊதினால் ஷிப்ட் மாறும், தலைக்கவசம் கட்டாயம், மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது, ஒவ்வொரு வேலைக்கும் அனுமதிச் சீட்டு உண்டு. வரிசையும் மணியும் பாதுகாப்புப் பட்டையும் அறிவிப்புப் பலகையும் நிறைந்த இடத்துக்கு விடுமுறையில் போ என்றால் அவருக்கு அது வேலைநாளின் நீட்சியாகத்தான் இருக்கும். இங்கே ஒரு மிளகுக்கொடியின் அடியில் குந்தி உட்கார்ந்து எறும்பு வரிசையை நெடுநேரம் பார்த்தார். எழுந்திரு என்று சொல்ல ஆளில்லை.

அதே பாதையில் என் மாமியாரால் நடக்க முடியாது. மூட்டுவலியோடு பகோடா பாயிண்ட் என்ற காட்சிமுனை வரை போய்வருவது அவருக்கு வேதனை. சரிவுப்பாதையும் சக்கர நாற்காலியும் நிழலில் பெஞ்சும் உள்ள பூங்காதான் அவருக்கு ஏற்றது. எங்கள் சின்னவளுக்கோ ஒலிபெருக்கிச் சத்தம் ஆகாது. அரைமணி நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டு அழுதுவிடுவாள். ஒரு குடும்பத்துக்குள்ளேயே இத்தனை வகை உடம்புகள் இருக்கும்போது, ஒரே இடம் எல்லோருக்கும் மகிழ்ச்சி தந்தாக வேண்டும் என்று அடம்பிடிப்பதில்தான் விடுமுறைச் சண்டைகள் பாதி தொடங்குகின்றன.

மே 26, திங்கள்

இதுவரை எழுதியதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். வேலைநாளின் நீட்சி என்று நான் எழுதியதை ஒப்புக்கொண்டார். ஆனால் அது முழுக் காரணம் இல்லை என்றார். “நான் ஏறி உட்கார்ந்தா என் கண்ணு போல்ட்டைத் தேடுது. எவன் டைட் பண்ணான், எப்பப் பண்ணான்னுதான் மனசு ஓடுது,” என்றார். இயந்திரத்தை வேறொருவர் சரிபார்த்திருப்பார் என்று நம்பித் தன்னை ஒப்படைக்க அவரால் முடிவதில்லை. ஆலையில் அப்படிச் சரிபார்க்கும் ஆள் அவர்தான். இது எனக்குத் தோன்றாமல் போன காரணம்.

பிறகு அவராகவே விளக்கத் தொடங்கினார். ரோலர் கோஸ்டர் முதல் மேட்டில் ஏறும்போது கேட்கும் டக் டக் ஓசை, சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாதபடி அதன் அடியில் உள்ள இரும்பு நாக்கு ஒவ்வொரு பல்லிலும் விழுந்து ஏறும் ஓசையாம். தண்டவாளத்துக்கு மேலே ஓடும் சக்கரம் போக அடியிலும் ஒரு சக்கரம் பற்றிக்கொண்டு ஓடுவதால்தான் வண்டி மேட்டு முனையில் எகிறிவிடுவதில்லை. அந்த ஏற்பாட்டுக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1919இல் காப்புரிமை பெற்றார். தடத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டிக்குமேல் நுழையவிடாமல் தடுப்பது ரயில்வேயில் உள்ள முறைதான் என்று சொல்லும்போது அவர் குரலில் அப்படியோர் ஆசை தெரிந்தது.

அரையாண்டு விடுமுறைக்குப் போகலாம் என்று அக்கா இப்போதே கேட்டிருக்கிறாள். தானும் வருவதாகவும், எதிலும் ஏறச் சொல்லாமல் அந்தச் சங்கிலி மேட்டின் அடியில் நிற்க விட்டால் போதும் என்றும் அவர் சொன்னார். அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். “மாப்பிள்ளைக்கும் சேத்தே டிக்கெட் போட்டுடறேன்,” என்றாள். ஏறாதவருக்கும் அங்கே முழுக் கட்டணம்தான், போட்டுவிடு என்றேன்.