போருக்குப் பின் எல்லைக் கிராம இளைஞர்: 15 மதிப்பெண் விடையை எப்படி எழுதுவது?

நெல்லைப் பக்கம் தமிழ் வழியில் யுபிஎஸ்சி மெயின்ஸ் (குடிமைப் பணி முதன்மைத் தேர்வு) எழுதுகிறவர்களின் பயிற்சித் தாள்களில், இந்தத் தலைப்பு வந்தாலே வேலையின்மை, மன உளைச்சல், போதைப் பழக்கம் என்று மூன்று சொல் வந்து விழுகின்றன. எந்த நாட்டுக்கும் பொருந்துகிற விடைக்கு மதிப்பெண் ஏறாது. ஓர் ஊரைப் பிடியுங்கள். அங்கே ஒரு சிக்கல் அடுத்த சிக்கலில் எப்படிக் கொண்டுவிடுகிறது என்று காட்டுங்கள்.

இலங்கையில் வட, கிழக்கு மாகாணங்கள் சேருமிடத்தில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி இருக்கின்றன. 1984 கடைசியில் அந்த மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2009 மே மாதம் போர் முடிந்த பிறகுதான் திரும்ப வழி பிறந்தது. இடையில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொந்த ஊரே புதிது. காணிப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்திருக்கும். வயல் காடாகிக் கிடக்கும், அல்லது வேறொருவர் கையில் இருக்கும். பத்திரம் இல்லாமல் வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம். கடன் இல்லாமல் படகு ஏது, வலை ஏது? கடலுக்குப் போனாலும் தென்பகுதியிலிருந்து பருவத்துக்கு வரும் மீனவர்களோடு மோதல். ஊரில் பிழைக்க வழியில்லாமல் பிள்ளைகள் வெளிநாட்டுக்குக் கிளம்புகிறார்கள். இதை ஆறு வரியில் எழுதினால் விடை எழுந்து நிற்கும்.

கல்விப் பகுதியில் பலர் சறுக்குகிறார்கள். இலங்கையில் பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் நாடு தழுவிய தகுதிக்கு, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஆகவே ஒதுக்கீடே இல்லை என்று எழுதாதீர்கள். கணித, அறிவியல் ஆசிரியர் நிலைக்காத பள்ளியிலிருந்து அந்த இடத்தை எட்டுவதுதான் பெரும்பாடு.

தீர்வுக்கு இரண்டு போதும். காணி ஆவணங்களை மீட்டுத் தருவது. கண்ணிவெடி அகற்றல்: 2017இல் கண்ணிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்த இலங்கைக்கு 2028 வரை கெடு. வட, கிழக்கில் இந்திய நிதியுதவியில் எழுந்த 46,000 வீடுகளையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

இந்தப் பொது அறிவுத் தாளில் மூன்று மணி நேரத்தில் 20 கேள்வி. 15 மதிப்பெண்ணுக்கு 11 நிமிடத்துக்கு மேல் போனால் கடைசிக் கேள்விகள் அடிபடும். முதல் நிமிடம் குறிப்புக்கு.

நம் மாணவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கங்கைகொண்டானில் உள்ள இலங்கைத் தமிழ் அகதிகளின் மறுவாழ்வு முகாமைப் பார்த்துப் பழகியதால், முகாம் இளைஞரின் நிலையையும் ஊர் திரும்பியவரின் நிலையையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். ஊர் திரும்பியவருக்குச் சிக்கல் காணி, முகாமில் இருப்பவருக்குக் குடியுரிமை. 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2004 டிசம்பரில் விதி இன்னும் இறுகியது. குடியுரிமை கிடைக்காத பிள்ளைகள் எவ்வளவு படித்தாலும் இந்தத் தேர்வு வழியாக ஐஏஎஸ், ஐபிஎஸ் பணிகளுக்குப் போக முடியாது. இதைத் தனிப் பத்தியாக, பிசகில்லாமல் எழுதுங்கள்.