முழங்கால் வரை மட்டும்

"முழங்காலுக்கு மேல் இறங்காதீங்க" என்று வழிகாட்டி கை காட்டி நிறுத்திய இடத்தில்தான் அதைப் பார்த்தேன்.

துடுப்பு நுனியில் கறுப்பு மை தொட்ட மாதிரி ஒரு குட்டிச் சுறா. அப்புறம் இன்னொன்று. ஆழமே இல்லாத தண்ணீரில், எங்களைக் கண்டுகொள்ளாமல் சாவகாசமாக உலாவின.

தாய்லாந்தின் பீ பீ லே தீவு, மாயா விரிகுடா. சுற்றிலும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள்.

ஒரு காலத்தில் நாளுக்கு 5,000 பேர் வரை இங்கே இறங்கினார்கள். படகு நங்கூரங்கள் பவளப்பாறைகளை நொறுக்கின. 2018 ஜூனில் மூடினார்கள், பவளங்களைத் திரும்ப நட்டார்கள், சுறாக்கள் திரும்பி வந்தன. 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தது. இப்போது படகுகள் தீவின் பின்பக்கமே நிற்கின்றன. அங்கிருந்து மரப்பலகைப் பாதையில் நடந்துதான் வர வேண்டும்.

இவ்வளவு தூரம் வந்து நீந்தக்கூட முடியவில்லையே என்று குழுவில் சிலருக்கு வருத்தம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருமானம் கொட்டும் ஒரு இடத்தை மூன்றரை வருடம் பூட்டி வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இன்னமும் வருடாவருடம் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடுகிறார்கள். அந்த மாதங்களில் போக நினைத்திருந்தால், தயவுசெய்து தள்ளி வையுங்கள்.