கல்யாண கேசட் வேறு, டிவியில் பதிந்த கேசட் வேறு

வீடியோ கேசட்டை டிவிடியாக மாற்றித் தரும் ஸ்டுடியோக்கள் மதுரையில் இன்னும் இருக்கின்றன. அவர்கள் கை பழகியது கல்யாண கேசட்டில். முதலிலிருந்து கடைசி வரை ஒரே வேகம், ஒரே சீரான சிக்னல். டெக்கில் (கேசட் ஓட்டும் விசிஆர்) போட்டு ஓடவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். வீட்டு டிவியிலிருந்து பதிந்த கேசட் அந்த ஜாதி இல்லை. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பாதி, அதன் மேலேயே ஞாயிற்றுக்கிழமைப் படம், விளம்பரம் வந்தபோதெல்லாம் பாஸ் பட்டனை அமுக்கிய இடங்கள், கொடைக்கானல் டிவி கோபுரத்தின் சிக்னல் மங்கியபோது கொட்டிய புள்ளிகள், இடம் போதாமல் பாதி வேகத்தில், அதாவது லாங் பிளேயில், போட்ட கடைசி ஒரு மணி நேரம். ஒரு பதிவு அறுந்து அடுத்தது தொடங்கும் ஒட்டு ஒரே கேசட்டில் முப்பது நாற்பது இருக்கும். மாற்றும்போது வரும் தொல்லையில் முக்கால்வாசி அந்த ஒட்டுகளில்தான். திருமங்கலம் பக்கம் ஒரு வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய 14 கேசட்டை முடித்த முறை இது.

முதல் வேலை, டெக்கைத் தொடுவதற்கு முன்னால், கேசட்டின் பின்விளிம்பில் இடது ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கை உடைப்பது. அது இருக்கும்வரை யாராவது ரெக்கார்டைத் தெரியாமல் அமுக்கினால் பழையது அழியும். திரும்பத் திரும்பப் பதிந்த கேசட்டில் நாக்கு உடைந்த இடத்தை செலோடேப்பால் மூடியிருப்பார்கள். அதையும் உரித்துவிடுங்கள்.

அடுத்து, எந்த ஊரில் பதிந்தது என்று கேளுங்கள். இங்கே பதிந்ததும், ராமநாதபுரம் பக்கம் உயரமான ஆன்டெனா போட்டு இலங்கையின் ரூபவாஹினியிலிருந்து பதிந்ததும், சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்ததும் எல்லாம் பிஏஎல் என்ற கலர் டிவி முறை. நம் டெக்கிலேயே ஓடும். சவுதியில் டிவியிலிருந்து பதிந்து கொண்டுவந்தது சீகாம் முறையில் இருக்கலாம். சாதாரண பிஏஎல் டெக்கில் போட்டால் படம் தெளிவாக ஓடும், ஆனால் கறுப்பு வெள்ளையில். கலர் போய்விட்டது என்று டேப்பைத் தூக்கிப்போட வேண்டாம், மல்டி சிஸ்டம் டெக் தேடுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது என்டிஎஸ்சி, அதற்கும் அதே வைத்தியம். கேசட் மேல் டி-120 என்று இருப்பதால் மட்டும் அமெரிக்க முறை என்று நினைக்க வேண்டாம். அது டேப்பின் நீளம்தான். நம் வேகத்தில் அது கிட்டத்தட்ட 175 நிமிடம் ஓடும். இ-180 மூன்று மணி நேரம், லாங் பிளேயில் ஆறு. லாங் பிளே இல்லாத டெக்கில் அந்தப் பகுதி இரட்டை வேகத்தில் கோடு கோடாக ஓடும். அதைக் கெட்டுப்போன டேப் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்த கடைகள் உண்டு.

பூஞ்சணம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைப் பல வருடம் குடித்த கேசட்டில் இது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக டேப் சுருளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் பக்கவாட்டு விளிம்பு பளபளவென்று கறுப்பாக இருக்க வேண்டும். திருநீறு தூவியதுபோல வெள்ளைத் திட்டு தெரிந்தால் அதை நல்ல டெக்கில் போடவே கூடாது. ஒரு முறை போட்டால் ஹெட் (டேப்பைப் படிக்கும் காந்த முனை) அடைக்கும், அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். 14-ல் 5 இப்படி இருந்தன. அவற்றைத் தனிப் பையில் கட்டி, கடைசியில் செய்வதற்கு ஒதுக்கி வைத்தோம்.

பூஞ்சணத்தை எடுக்க, சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் ஒரு வாரம் போட்டு வையுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அப்பிக்கொள்ளும், காய்ந்தால் தூளாக உதிரும். வெயிலில் காயவைக்க வேண்டாம், டேப் நெளியும். பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து வேலை. வீடியோ லைப்ரரிகளில் முன்பு இருந்த கேசட் ரீவைண்டர் கிடைத்தால் அதன் முன்பக்க பிளாஸ்டிக்கை அறுத்துவிட்டு, கேசட்டின் மூடி திறந்து நிற்கும்படி செய்து, ஓடும் டேப்பை இரண்டு பக்கமும் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் தொட்டும் தொடாமலும் பிடித்தால் போதும். முன்னும் பின்னுமாக இரண்டு ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் புதுத் துணி. அழுத்திப் பிடித்தால் டேப் இழுபடும். உள்ளே அதிகமாக இருந்தால் கேசட்டின் அடியில் இருக்கும் 5 ஸ்க்ரூவைக் கழற்றி, சுருள்களை எடுத்து வேறு சுத்தமான கூட்டில் மாற்றிவிடுவது நல்லது. கழற்றும் முன் டேப் எந்த உருளைக்கு முன்னால், எதற்குப் பின்னால் போகிறது என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

டேப் அறுந்திருந்தால் சாதாரண செலோடேப் போட்டு ஒட்டக்கூடாது. பசை வழிந்து ஹெட்டில் ஏறும். அதற்கென்று உள்ள ஸ்ப்ளைஸிங் டேப்பை, காந்தப் பூச்சு இல்லாத உள்பக்கத்தில் ஒட்ட வேண்டும். அது கையில் இல்லையென்றால் இன்னொரு வழி: பழைய கேசட் ஒன்றைப் பிரித்து, அறுந்த ஒவ்வொரு துண்டையும் தனித்தனி காலி ரீலின் கிளிப்பில் மாட்டி, ஒரு கேசட்டை இரண்டு கேசட்டாக ஆக்கிவிடுவது. டேப் அறுந்த இடம் ஹெட்டைத் தொடவே தொடாது. கசங்கிய 10 சென்டிமீட்டரை வெட்டினால் போவது 4 விநாடிதான்.

இப்போது டெக். உலகத்தில் கடைசியாக டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஆகவே கிடைப்பதெல்லாம் பழசுதான். டவுன்ஹால் ரோட்டில் விசாரித்தாலும், பழைய சாமான் கடைகளில் துழாவினாலும், பிராண்டைவிட ஓடுகிறதா என்பதைப் பாருங்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்த டெக்கில் முதலில் போவது ரப்பர்: கேசட்டை உள்ளே இழுக்கும் பெல்ட் தளர்ந்து, டேப்பை டிரம்மில் (ஹெட் பொருத்திய சுழலும் உருளை) சுற்றும்போது பாதியில் நிற்கும். அப்படி நின்றால் டேப்பைக் கடித்துக்கொள்ளும். உருப்படியான கேசட்டைப் போடும் முன் உபயோகமில்லாத ஒன்றைப் போட்டு பத்துத் தடவையாவது பிளே, ஸ்டாப், எஜெக்ட் செய்து பாருங்கள். மேல்மூடியைக் கழற்றி வைத்துப் பார்க்கும்போது ஜன்னல் வெயிலோ குண்டு பல்போ உள்ளே விழக்கூடாது. டேப் முடிந்துவிட்டதா என்பதை டெக் ஒளி உணரி வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. வெளிச்சம் பட்டால் டேப் முடிந்ததாக நினைத்து நின்றுவிடும். இது புரியாமல் நல்ல டெக்கைப் பழுது என்று கழித்தவர்கள் நிறைய.

ஹெட் சுத்தம் செய்ய பஞ்சு சுற்றிய குச்சி ஆகவே ஆகாது, நூல் ஹெட்டில் சிக்கி அதைப் பெயர்க்கும். மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடையில் ஐசோபுரப்பைல் ஆல்கஹால் கிடைக்கும், 99 சதவீதம் என்று பார்த்து வாங்குங்கள். சானிட்டைசரில் கிளிசரின் சேர்ந்திருக்கும், அதைத் தொட வேண்டாம். சாதாரண வெள்ளை ஜெராக்ஸ் தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின் பக்கவாட்டில் அசையாமல் லேசாக ஒட்டிப் பிடியுங்கள். மற்ற கையால் டிரம்மின் மேல்தட்டை மெதுவாகச் சுற்றுங்கள். சுற்ற வேண்டியது டிரம், தாள் இல்லை. மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை முறியும். தாளில் பழுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை தாள் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் காய்ந்த பிறகுதான் கரண்ட். ஒவ்வொரு மூன்று கேசட்டுக்கும் ஒரு முறை இதைச் செய்தோம், பூஞ்சணம் பிடித்தவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும்.

பிளேயில் போட்டுப் பார்க்கும்போது கோளாறு டேப்பிலா டெக்கிலா என்று பிரிக்க ஒரு சுருக்கு வழி உண்டு. டேப்பின் மேல்விளிம்பில் ஒலி இருக்கிறது, கீழ்விளிம்பில் டிராக்கிங்கை, அதாவது பதிந்த தடத்தின் மேல் ஹெட் சரியாக ஓடுவதை, கட்டுப்படுத்தும் துடிப்பு. படம் நன்றாக இருந்து சத்தம் மட்டும் விட்டுவிட்டு வந்தால் மேல்விளிம்பு கசங்கியிருக்கிறது. படம் அடிக்கடி கோடு விழுந்து தானே சரியானால் கீழ்விளிம்பு. எல்லா கேசட்டிலும் ஒரே மாதிரி கோடு என்றால் டெக்.

இனி இணைப்பு. மஞ்சள் படம், வெள்ளையும் சிவப்பும் சத்தம். பழைய டெக்கில் சத்தத்துக்கு ஒரே துளைதான் இருக்கும், ஒய் கேபிள் போட்டு இரண்டுக்கும் கொடுங்கள். ஆன்டெனா ஒயர் வழியாக எடுக்கவே வேண்டாம். கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர யூஎஸ்பி குச்சி, எல்லோரும் ஈஸிகேப் என்று சொல்வது. ஒரே பெயரில் உள்ளே நாலைந்து வகை சிப் வைத்து விற்கிறார்கள், தரமும் அதற்கேற்ப மாறும். சத்தத்தையும் அந்தக் குச்சி வழியாகவே எடுக்கும் வகையாக வாங்குங்கள். படம் குச்சியிலும் சத்தம் கம்ப்யூட்டரின் மைக் துளையிலும் போனால் இரண்டுக்கும் தனித்தனி கடிகாரம். மூன்று மணி நேரம் ஓடும்போது உதடும் வசனமும் பிரிந்துவிடும்.

ஒட்டுகளின் சங்கதிக்கு வருவோம். பாஸ் அமுக்கிப் பதிந்த இடத்தில் டேப்பில் இருக்கும் ஒத்திசைவுத் துடிப்பு அறுந்து, புதிதாகத் தொடங்குகிறது. பழைய டிவி அதை ஒரு நடுக்கத்தோடு விழுங்கிவிடும். யூஎஸ்பி குச்சிக்கு விழுங்கத் தெரியாது, சில பிரேம்களைத் தவறவிடும், சத்தமோ நிற்காமல் ஓடும். ஒரு ஒட்டில் கால் விநாடி என்றால் முப்பது ஒட்டில் ஏழெட்டு விநாடி. இதற்கு நாங்கள் கண்ட நல்ல மருந்து, பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை நடுவில் வைப்பது. பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 இரண்டும் இதற்குப் பெயர் பெற்றவை. பதிவு எதுவும் செய்ய வேண்டாம். டெக்கிலிருந்து அதன் உள்ளே, அதன் வெளியிலிருந்து குச்சிக்கு. கோணிய வரிகளை அது நேராக்கி, அறுபடாத சிக்னலாக அனுப்பும். படத்தின் மேல்பகுதி கொடிபோல வளைவதும் இதில் நின்றுவிடும்.

டெக்கின் மெனுவில் ப்ளூ பேக் என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். சிக்னல் மங்கினால் நீலத்திரை காட்டும் வசதி அது. கொடைக்கானல் புள்ளிக்கு நடுவில் ஓடிய பாட்டை அது பாட்டே இல்லை என்று முடிவு செய்து மூடிவிடும். இன்னொரு வேடிக்கை: வீட்டில் பதிந்த கேசட்டுக்கே சில ரெக்கார்டர் 'காப்பி தடை செய்யப்பட்டது' என்று நிறுத்தும். படத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத வரிகளில் தடைக் குறி இருக்கிறதா என்று அது பார்க்கிறது. அங்கே சிக்னல் குலைந்திருந்தால் தடை என்று எடுத்துக்கொள்கிறது. டிராக்கிங்கைக் கையால் கொஞ்சம் நகர்த்தினாலே பல நேரம் சரியாகிவிடும்.

பதியும் அளவு 720க்கு 576, விநாடிக்கு 25 பிரேம், இன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒன்றாக வரிகள் இரண்டு பாதியாக வருவது) அப்படியே. விர்ச்சுவல்டப் என்ற மென்பொருளில், தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்ஒய்யுவி போட்டால் மணிக்கு சுமார் 30 ஜிபி ஆகும், மூன்று மணி கேசட்டுக்கு 100 ஜிபி காலி இடம் வையுங்கள். பதியும் டிரைவ் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்ததாக இருக்க வேண்டும். எஃப்ஏடி32 என்றால் 4 ஜிபியில் நின்றுவிடும். யூஎஸ்பி ஹப் வேண்டாம், நேராகக் கம்ப்யூட்டரில். லேப்டாப்பில் சத்தத்தோடு ஒரு ரீங்காரம் வந்தால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கரண்ட் போகும் ஊர் இது. யூபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரை மட்டும் மாட்டி டெக்கை விட்டுவிடாதீர்கள், டேப் டிரம்மில் சுற்றிய நிலையில் டெக் அணைவதுதான் பெரிய சேதம்.

முழு கேசட்டையும் ஒரே மூச்சில் பதியாமல் நிகழ்ச்சி நிகழ்ச்சியாக நிறுத்திப் பதியுங்கள். சத்தம் நழுவினாலும் அந்தத் துண்டோடு போகும். விளம்பரத்தை வெட்ட வேண்டாம் என்பது எங்கள் கட்சி. படத்தை வேறு எங்காவது பிடித்துவிடலாம். பாஸுக்குத் தப்பிய உள்ளூர் ஜவுளிக்கடை விளம்பரமும் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையும் இந்தக் கேசட்டில் மட்டும்தான்.

டிவிடிக்குச் சுருக்கும்போது பெரும்பாலானோர் செய்யும் தப்பு, மூன்று மணி நேரத்தை முழு அளவில் ஒரே டிஸ்க்கில் திணிப்பது. படம் கட்டம் கட்டமாக உடையும். விஎச்எஸ் டேப்பில் குறுக்குவாக்கில் உள்ள விவரமே சுமார் 240 கோடுதான். அதற்கு 720 புள்ளி வீண். டிவிடி 352க்கு 576 அளவையும் ஏற்கும். மூன்று மணி நேரத்துக்கு இந்த அரை அளவில் படத்துக்கு 3 எம்பிபிஎஸ், சத்தத்துக்கு 192 கேபிபிஎஸ், 48 கிலோஹெர்ட்ஸ். கணக்கு 4.3 ஜிபிக்கு வரும், 4.7 ஜிபி டிஸ்க்கில் மெனுவுக்கும் இடம் மிஞ்சும். இரண்டு மணி நேரம் என்றால் முழு அளவில் 4.8 எம்பிபிஎஸ் தாங்கும். சிக்னல் மங்கிய புள்ளி அதிகமான பதிவுக்குச் சுருக்கும் முன் அந்தப் புள்ளிகளை (நாய்ஸ்) லேசாகக் குறையுங்கள். சுருக்கும் மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் அசைவு என்று நினைத்து, படத்துக்கு ஒதுக்கிய பிட்ரேட்டை அதில் தின்றுவிடுகிறது. இன்டர்லேஸின் இரண்டு பாதியில் எது முதலில் என்ற ஃபீல்டு வரிசை, மேல் முதல். மாறிப்போனால் ஓடும் எழுத்து வரிகள் பல்வரிசைபோல நடுங்கும். கம்ப்யூட்டரில் பார்த்தால் தெரியாது, பழைய குண்டு டிவியில் போட்டால் உடனே தெரியும். அடியில் தெரியும் கிழிசல் பட்டையை வெட்டாமல் கறுப்பால் மூடுங்கள், வெட்டினால் வரிக்கணக்கு கெடும்.

டிஸ்க்கை 16 வேகம் என்று போட்டிருந்தாலும் 8-ல் எழுதுங்கள், முடிந்ததும் ஃபைனலைஸ் (மற்ற பிளேயரிலும் ஓடும்படி டிஸ்க்கை மூடுவது). டிவிடி ரெக்கார்டரிலேயே பதிந்தவர்கள் இதை மறப்பதால்தான் பக்கத்து வீட்டு பிளேயரில் 'நோ டிஸ்க்' வருகிறது. காகித லேபிள் ஒட்ட வேண்டாம், நடுவளையத்தில் மார்க்கரால் எழுதினால் போதும். நிகழ்ச்சிக்கு இரண்டு டிஸ்க், கூடவே சுருக்காத கோப்பு ஹார்ட் டிஸ்க்கில். எழுதியதைச் சோதிக்கும்போது முதல் பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு விடாதீர்கள். டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது, கோளாறு வெளிவிளிம்பில்தான் முதலில் வரும். கடைசி இருபது நிமிடத்தை, வீட்டில் இருப்பதிலேயே பழைய பிளேயரில் ஓட்டிப் பாருங்கள்.