லென்ஸ் முகத்தில் எழுதியிருப்பது: குறுக்குத்துறை மண்டபத்தில் சோதித்துப் பார்த்தேன்

கேமராவோடு வந்த லென்ஸின் முகப்பு வளையத்தில் 18-55 என்றும், பக்கத்தில் 1:3.5-5.6 என்றும் பொறித்திருக்கிறது. முதல் ஜோடி எளிது: குவியத்தூரம், மில்லிமீட்டரில். 18-இல் மண்டபம் முழுவதும் அடங்குகிறது, 55-இல் ஒரு தூண். இரண்டாவது ஜோடிக்குத்தான் திருநெல்வேலி குறுக்குத்துறைக்குப் போக வேண்டியிருந்தது.

தாமிரபரணிக் கரையில் உள்ள கல்மண்டபத்தில் பகலிலும் அரை இருட்டு. முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறனை, 800-இல் வைத்து, ஒரே சீரான வெளிச்சம் விழும் வெற்றுச் சுவரை நோக்கித் திருப்பினேன். அபர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி புகும் துளையை, முழுதாகத் திறந்து வைத்தால் 18-இல் கேமரா காட்டிய எண் 3.5, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/60 வினாடி. ஜூமை 55-க்குத் திருப்பியதும் அபர்ச்சர் தானாகவே 5.6 ஆனது, ஷட்டர் 1/25-க்கு இறங்கிவிட்டது. எட்டிப் பார்க்கப் பார்க்க லென்ஸ் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. அந்த வளையத்தில் எழுதியிருப்பது இதைத்தான்.

வேடிக்கை என்னவென்றால், லென்ஸை முன்னாலிருந்து பார்த்துக்கொண்டே ஜூம் செய்தால் உள்ளே தெரியும் துளை பெரிதாகிறது. கணக்கும் அப்படித்தான்: குவியத்தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம். 18-ஐ 3.5-ஆல் வகுத்தால் சுமார் 5 மி.மீ., 55-ஐ 5.6-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10 மி.மீ. துளை இரட்டிப்பானாலும், குவியத்தூரம் மூன்று மடங்காகிவிடுவதால் படத்தில் விழும் வெளிச்சம் குறைகிறது. 1: என்று விகிதமாக எழுதுவதன் காரணம் அங்கேதான் எனக்கு உறைத்தது.

ஆற்றில் குளித்துவிட்டு வந்து மண்டபத்துக்குள் தலை துவட்டிக்கொண்டிருந்த மச்சானை அதே 1/25-இல் எடுத்தேன், இந்த முறை கேமராவைக் கையில் பிடித்து. லென்ஸில் ஐஎஸ் என்ற எழுத்தும் உண்டு, கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஏற்பாடு. தூண் கல்லில் உளி பட்ட தடம் வரை தெளிவு; மச்சானின் கையும் துண்டும் ஒரே மங்கல். ஐஎஸ் நம் கையைத்தான் பார்த்துக்கொள்ளும், எதிரே அசைபவரை அல்ல.

தெரிந்த ஸ்டுடியோ அண்ணாச்சி ஒருவர், "இதையும் மாட்டிப் பாருங்கள் தம்பி" என்று 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை இரவல் கொடுத்திருந்தார். அதில் 1:1.8. ஜூம் கிடையாது, ஆகவே ஒரே எண். அதே சுவர், அதே ஐஎஸ்ஓ, ஷட்டர் 1/250! துண்டு உதறும்போது தெறித்த துளிகள்கூட நின்றன. ஆனால் மூக்கு தெளிந்தால் காது மங்குகிறது, 1.8-க்கு அதுதான் விலை.

மற்ற குறிகள் சுருக்கமாக. குறுக்குக் கோடு போட்ட வட்டமும் 58-உம் ஃபில்டர் அளவு. 55-ஓடு இதற்குச் சம்பந்தமே இல்லை, இரண்டும் மி.மீ. என்பதுதான் புதியவர்களைக் குழப்பும். மூடியின் உட்புறத்திலும் அதே 58 இருக்கிறது. பூப்படத்தின் அருகே 0.25 மீ. என்றிருப்பது மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம். அதை அளக்க வேண்டியது லென்ஸ் நுனியிலிருந்து அல்ல, கேமராவின் மேற்புறத்தில் வட்டத்தைக் கோடு வெட்டும் குறியிலிருந்து. ஓலைக் கொட்டான் ஒன்றை வைத்துத் தையல் டேப்பால் அளந்தேன்: லென்ஸ் நுனிக்கும் ஓலைக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை, கேமராவின் நிழலே பின்னல்மேல் விழுகிறது. ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்த பிறகுதான் படம் தேறியது.

அடுத்தது கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். கேட்டு வைத்திருக்கும் 55-250 லென்ஸில் 1:4-5.6 என்றிருக்கிறது, 250-இல் மறுபடியும் அதே 5.6. அங்கே மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுவதால் தூரம் தொல்லையாக இராது. 5.6-க்கு வெளிச்சம் வேண்டுமே, வெயில் நன்றாக ஏறிய பிறகு போவதாகத் திட்டம்.